உணவு விளம்பரங்களும் ஆசிய ஜனங்களும்

மனிதன் விலை கொடுத்து வாங்கும் பண்டங்களில் துணியும் பாத்திரமும் விளக்கும் அவன் உடம்புக்கு வெளியே நின்று பயன்படுகிறவை. உணவு ஒன்றுதான் உள்ளே போய் அவனாகவே ஆகிவிடுவது. ஆகையினால், முன்பின் அறியாத மண்ணில் விளைந்ததையும் முன்பின் அறியாத கை சமைத்ததையும் வாங்குகிறவன் அருவருப்பின்றி வாயில் இட்டுக்கொள்ளும்படி செய்தாக வேண்டிய அவசியம் உணவு வியாபாரிக்கு எப்போதும் இருந்து வந்திருக்கிறது. அந்த அவசியத்திலிருந்து பிறந்த விளம்பரச் சித்திரங்களில் சீனர், ஜப்பானியர், இந்தியர், இலங்கையர் முதலான ஆசிய ஜனங்கள் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக எவ்விதம் தீட்டப்பட்டு வந்திருக்கிறார்கள், அந்தத் தீட்டலால் லாபம் அடைந்தவர் யார், நஷ்டம் அடைந்தவர் யார் என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம். இதை மேனாட்டு நிறபேதத்தின் கிளைக்கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயம் வேறு. இந்தச் சித்திரங்கள் அனைத்திலும் ஊடுருவி நிற்கும் குறை ஒன்றே: ஆசியன் உணவை விளைவிப்பவனாக வருவான், சமைப்பவனாகவும் பரிமாறுபவனாகவும் வருவான், தின்னத் தகாததைத் தின்பவனாகவும் தின்னத் தெரியாமல் தடுமாறுபவனாகவும் வருவான், பிறரோடு சரிசமமாக உட்கார்ந்து உண்ணும் மனிதனாக மட்டும் வரமாட்டான்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவது முறை. 1870, 80-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டுக் கடைக்காரர்கள் சாமானோடு சேர்த்து வண்ண அச்சிட்ட சிறு விளம்பர அட்டைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். குழந்தைகள் அவற்றைச் சேகரித்து ஆல்பங்களில் ஒட்டி வைத்துக்கொண்டார்கள். ஜெர்ஸி நகரத்தில் ‘ரஃப் ஆன் ராட்ஸ்’ என்ற எலிப் பாஷாணத்தைச் செய்து விற்ற ஈ. எஸ். வெல்ஸ் என்பவருடைய அட்டை ஒன்றில், பின்னல் சடையோடு கூடிய ஒரு சீனன், வாலைப் பிடித்துத் தூக்கிய எலியைத் தன் திறந்த வாய்க்கு நேரே கொண்டுபோகிறான்; ‘அவை ஒழிய வேண்டும்’ என்று பொருள்படும் வாசகம் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. ஒழிய வேண்டியவை எலிகளா, எலியை ஏந்தி நிற்கும் மனிதனா என்ற சந்தேகத்தை அந்த அட்டை வேண்டுமென்றே தீர்க்காமல் விட்டிருக்கிறது. ஏனெனில் சீனர் வெளியேற வேண்டும் என்ற கூக்குரலைக் கலிபோர்னியாவில் டெனிஸ் கியர்னியின் தொழிலாளர் கட்சி 1877 முதலே எழுப்பிக்கொண்டிருந்தது, 1882-இல் சீனத் தொழிலாளர் நுழைவதைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. பாஷாணம் விற்றவருக்குச் சீனர் மீது தனிப்பட்ட பகை இருந்ததா என்பது இங்கே முக்கியமல்ல. ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த துவேஷத்தைக் காசு கொடுக்காமல் எடுத்துத் தம் சரக்கின் மீது ஒட்டிக்கொண்டால் சரக்கு சீக்கிரம் விலைபோகும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது என்பதே முக்கியம்.

உணவைக் கொண்டு ஓர் இனத்தை இழிவு செய்யும் இந்த வாதம் கடைத்தெருவோடு நின்றுவிடவில்லை. அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், தாமே லண்டனில் பிறந்து பிழைப்புத் தேடி அமெரிக்காவில் குடியேறியவர். அவரும் ஹெர்மன் குட்ஸ்டாட் என்பவரும் சேர்ந்து, சீனர் தடைச் சட்டத்தை நீட்டிக்க வேண்டும் என்று வற்புறுத்தி 1902-ஐ ஒட்டி வெளியிட்ட பிரசுரத்தின் தலைப்பிலேயே மாமிசத்தையும் அரிசியையும் எதிரெதிராக நிறுத்தி, மாமிசம் உண்ணும் அமெரிக்க ஆண்மைக்கும் அரிசி உண்ணும் ஆசியக் கூலிக்கும் நடக்கும் போரில் பிழைக்கப்போவது எது என்று கேட்டிருந்தார்கள். அரிசிச் சோறு உண்பவன் குறைந்த கூலிக்கு உழைப்பான், ஆகையால் அவன் அபாயமானவன் என்பது வாதம். குறைந்த கூலி கொடுத்த முதலாளியை விட்டுவிட்டுக் கூலி வாங்கியவனுடைய சோற்றுப் பானையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய இந்தப் பிரசுரத்தை, அரிசியையே பிரதான ஆகாரமாகக் கொண்ட நாம் படிக்கையில் நெஞ்சு கொதிக்காமல் இருக்க முடியாது.

இரண்டாம் உலக யுத்தத்தில் சீனா அமெரிக்காவின் நட்பு நாடாக அமைந்து, 1943-இல் அந்தத் தடைச் சட்டமும் ரத்தான பிறகு, பயத்தின் இடத்தில் பரிகாசம் வந்து உட்கார்ந்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெல்லோ என்ற பழக்கூழ்ப் பண்டத்துக்காகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட கேலிச் சித்திரம் ஒன்றில், ஒரு சீனக் குழந்தை வழுக்கிக்கொண்டே இருக்கும் அந்தக் கூழைக் குச்சிகளால் எடுக்க முயன்று தோற்றுத் தவிக்கிறது; பிறகு அதன் தாய் மேனாட்டாரின் அரிய கண்டுபிடிப்பு என்ற பீடிகையோடு ஒரு கரண்டியைக் கொண்டுவந்து தர, குழந்தையின் துயரம் தீர்கிறது. சீன தேசத்தில் உணவுக் குச்சி பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே எலும்பில் செதுக்கிய கரண்டிகள் புழக்கத்தில் இருந்தன என்பதைப் புதைபொருள் ஆராய்ச்சி ஐயமறக் காட்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கரண்டி பிடித்த ஒரு ஜனத்துக்குக் கரண்டியைத் தானம் செய்வதாகக் காட்டிய அந்தச் சித்திரத்தில் வசை ஒன்றும் இல்லை, குரலில் கூட இரக்கமே தொனிக்கிறது. வசையைவிட அந்த இரக்கமே எனக்கு அதிகக் கொடுமையாகப் படுகிறது. அதே காலத்தில், 1964-இல், பில்ஸ்பரி கம்பெனி குழந்தைகளுக்கான பானப் பொடியைப் பல முகச் சித்திரங்களோடு வெளியிட்டபோது, செர்ரிப் பழச் சுவைக்குச் சாய்ந்த கோடுகளாய் இழுத்த கண்களும் துருத்திய பற்களும் கொண்ட ‘சீனச் செர்ரி’ என்ற முகத்தைப் போட்டது. கண்டனம் கிளம்பவே சீனன் போய் அதே பழம் ரயில் ஓட்டுகிற முகமாக மாறியது. பொடியின் சுவையோ விற்பனையோ இதனால் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

அமெரிக்கக் குடும்பங்கள் தகர டப்பாவில் வாங்கித் தின்ற சீன உணவின் சரித்திரமும் இங்கே குறிப்பிடத் தக்கது. லா சோய் என்ற கம்பெனியை 1922-இல் டெட்ராய்ட் நகரத்தில் தொடங்கிய இருவரில் ஒருவர் வெள்ளையர், மற்றவர் பிற்காலத்தில் கொரியாவில் மருந்துத் தொழிலில் பெரும்புகழ் பெற்ற நியூ இல்-ஹான் என்ற கொரியர்; சுன் கிங் என்ற கம்பெனியை 1940-களில் ஏற்படுத்தியவரோ மினசோட்டாவைச் சேர்ந்த இத்தாலிய வம்சத்தவரான ஜீனோ பாலூச்சி. சீனர் பெயரால் நடந்த வியாபாரத்தில் சீனர் இல்லை. பாலூச்சிக்காக ஸ்டான் ஃப்ரீபெர்க் என்ற ஹாஸ்ய நிபுணர் தயாரித்த ஒரு விளம்பரம், பத்து வைத்தியர்களில் ஒன்பது பேர் இந்த உணவைச் சிபாரிசு செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஒன்பது சீன வைத்தியர்களையும் ஒரே ஒரு வெள்ளை வைத்தியரையும் காட்டுகிறது. இதைப் பல்லும் கண்ணும் வரைந்த இழிவோடு ஒன்றாக வைத்துக் கண்டிப்பது நியாயமல்ல. சீனரை வைத்தியராகக் காட்டிய அளவில் அது தன் காலத்துக்கு ஒரு படி மேலேயே நின்றது. ஆனாலும் அந்தச் சிரிப்பு, சீன முகத்தைக் கண்டதும் ‘இவன் நம்மவன் அல்ல’ என்று பார்க்கிறவர் மனம் சொல்லிக்கொள்வதை நம்பியே பிறக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

பரிகாசம் ஒருபுறம் நடக்க, பழைய அருவருப்பு சாஸ்திர வேஷம் பூண்டு திரும்பி வந்தது. கடற்பாசிச் சாற்றின் தனிச்சுவைக்குக் காரணமான உப்பை 1908-இல் ஜப்பானில் கிகுனாயே இகேடா என்ற ரசாயனப் பேராசிரியர் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்து, நம் வீட்டு அடுக்களை வரைக்கும் அந்தப் பெயரிலேயே பரவியது. 1968-இல் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற மருத்துவர், சீன ஹோட்டல்களில் சாப்பிட்டால் தமக்குப் பிடரி மரத்துப் போவதாகவும், அதற்குச் சோயாவோ, சமையல் மதுவோ, இந்த உப்போ காரணமாக இருக்கலாமோ என்றும் ஓர் அமெரிக்க மருத்துவ சஞ்சிகைக்குச் சிறு கடிதம் எழுதினார்; சஞ்சிகை அதற்குச் சீன ஹோட்டலின் பெயரிலேயே ஒரு வியாதித் தலைப்பைச் சூட்டியது. அன்று முதல் ‘இங்கே அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை’ என்ற பலகை சீன உணவு விற்பவர் ஒவ்வொருவரும் மாட்டியாக வேண்டிய மன்னிப்புப் பத்திரமாயிற்று. அதே உப்பு அமெரிக்கக் கம்பெனிகளின் சூப் டப்பாக்களிலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் தாராளமாகச் சேர்ந்திருந்தது. அவற்றைத் தின்று மரத்துப்போன பிடரிக்கு யாரும் அமெரிக்காவின் பெயரை வைக்கவில்லை. 2019-இல் நியூயார்க் நகரத்தில் வெள்ளைப் பெண்மணி ஒருவர் திறந்த சீன உணவுச்சாலை, ‘சுத்தமான’ சீன உணவு என்று தன்னை விளம்பரம் செய்துகொண்டது. கண்டனத்துக்கு உள்ளாகி அவ்வாண்டு முடிவதற்குள் மூடப்பட்டும் போயிற்று. மற்றவர் சமைத்தது அசுத்தம் என்று அந்த விளம்பரம் வாய்விட்டுச் சொல்லவில்லை. எலிப் பாஷாண அட்டையின் காலத்திலிருந்து பரம்பரையாக வந்த எண்ணம் அதைச் சொல்லிக்கொள்ளும் என்று விட்டுவிட்டது.

இனி, நமக்கு இன்னும் நெருங்கிய விஷயத்துக்கு வருவோம். சீனரைக் கண்டு அமெரிக்கா அஞ்சிய அதே காலத்தில், பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் இந்தியரையும் இலங்கையரையும் வேறு கோலத்தில் தீட்டியது. அங்கே ஆசியன் அருவருப்புக்குரியவன் அல்லன், பணிவுக்குப் பெயர்போனவன். கிளாஸ்கோ நகரத்துப் பாட்டர்சன் கம்பெனி 1876 முதல் விற்றுவந்த ‘காம்ப் காபி’ என்ற சிக்கரி கலந்த காபிச் சாற்றின் புட்டியை இதற்குச் சிறந்த உதாரணமாகச் சொல்லலாம். அதன் காகிதச் சீட்டில் ஒரு கூடாரம். கூடாரத்தின் முன் குட்டைப் பாவாடை உடுத்த ஸ்காட்லாந்துச் சிப்பாய் ஒருவன் சாவதானமாக அமர்ந்து கோப்பையை ஏந்தியிருக்கிறான். அவன் அருகே தலைப்பாகை கட்டிய சீக்கியன் ஒருவன் தட்டோடு நிற்கிறான். இருபதாம் நூற்றாண்டில் தட்டு மட்டும் மறைந்தது, ஆள் கைவேலை ஒன்றுமின்றி அப்படியே நின்றான். 2006-ஐ ஒட்டி வெளிவந்த புதிய சீட்டில்தான் அவனும் உட்கார்ந்தான், அவன் கையிலும் ஒரு கோப்பை கொடுக்கப்பட்டது. நின்றவன் உட்காருவதற்கு நூற்று முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. இந்தியா சுதந்திரம் அடைந்து அறுபது ஆண்டுகள் ஆகும் தறுவாயில்தான் அந்தச் சீட்டுக்குச் செய்தி எட்டியிருக்கிறது. இத்தனை காலமும் அந்தச் சீக்கியனை யாரும் இழிவான முகத்தோடு வரையவில்லை, அவன் கம்பீரமாகவே இருந்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கோரமாக வரைந்தால்தான் அவமானம் என்று நினைப்பவர்கள் இந்தப் புட்டியை எடுத்துப் பார்க்கட்டும்.

காபியைவிடத் தேயிலையின் கதை நம் நெஞ்சுக்கு அருகில் உள்ளது. தாமஸ் லிப்டன் 1890-இல் இலங்கை மலைநாட்டில் தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் குடுவைக்கு என்ற கோஷத்தோடு இங்கிலாந்தில் தேயிலையை மலிவாக விற்கத் தொடங்கியபோது, அந்தக் கோஷத்துக்குப் பிரத்தியட்ச சாட்சியாக ஒரு பெண் தேவைப்பட்டாள். அவள்தான் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண். பத்திரிகை விளம்பரங்களிலும் தகர டப்பாக்களிலும் தபால் அட்டைகளிலும், 1932-இல் ஏற்பட்ட இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் காலத்திலிருந்து சுவரொட்டிகளிலும், மூக்குத்தியும் வளையலும் பளபளக்க, சிவந்த சேலை காற்றில் அசைய, முதுகில் கூடையும் விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக அவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அட்டை ஊராத மலை, மழை பெய்யாத மலை, கங்காணி இல்லாத மலை அது. திருச்சி, மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிக் கங்காணியின் முன்பணத்தில் கட்டுண்டு போனவர்கள், விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்கு நின்று, பத்தடி அறைகள் வரிசையாக அமைந்த லயங்களில் குடும்பத்தோடு முடங்கி, நிறுவைக்காரர் கழித்தது போக எஞ்சிய ராத்தலுக்குக் கூலி பெற்ற சரித்திரத்தின் ஒரு சாயையாவது அந்த டப்பாக்களில் விழவில்லை. உயர்ந்த தேயிலை கப்பலேறிப் போக, பறித்தவள் குடித்தது பெரும்பாலும் பாலில்லாத சாயத் தேநீரே.

தேயிலைப் பெண்ணின் சித்திரம் உலகெங்கும் இலங்கையின் அடையாளமாகப் பரவியிருந்த காலத்தில்தான், 1948-இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, சம்பந்தப்பட்டவர்களைக் கேளாமலே அவர்களைப் பங்கிட்டது. ஒரு நாட்டின் தேயிலைக்கு முகமாக இருக்கத் தகுதி பெற்றவள் அந்நாட்டின் பிரஜையாக இருக்கத் தகுதி பெறவில்லை. அவளுடைய சந்ததி நாட்கூலியாக ஆயிரம் ரூபாய் கேட்டுப் பல ஆண்டுகள் கிளர்ச்சி செய்த பின் 2021-இல்தான் அந்தத் தொகை சட்டப்படி நிர்ணயமாயிற்று. உணவு விளம்பரங்களில் ஆசியர் பட்ட தீங்குகளையெல்லாம் நிறுத்துப் பார்த்தால், பல் துருத்திய சீன முகத்தைவிட இந்த அழகிய புன்னகையே பெரிய தீங்கு செய்தது என்பது என் தீர்மானமான முடிவு. அந்த முகத்தைக் கண்டவர் சிலராவது கூசினார்கள், இந்தப் புன்னகையைக் கண்டவர் எல்லாரும் நிம்மதியாகத் தேநீர் அருந்தினார்கள்.

ஆசியர் தாமே இவ்வேஷத்தைப் பூண்டதில்லையா என்று கேட்கலாம், பூண்டதுண்டு. லண்டனில் 1926-இல் திறக்கப்பட்டு நெடுங்காலம் புகழோடு விளங்கிய ‘வீராசாமி’ உணவுச்சாலையை ஏற்படுத்திய எட்வர்ட் பால்மர் ஆங்கிலோ இந்தியர்; வெம்பிளி சாம்ராஜ்யப் பொருட்காட்சியில் இந்திய உணவுச்சாலையை நடத்திய அனுபவத்தோடு வந்த அவர், நம் பக்கத்துப் பெயர் ஒன்றை வாசலில் எழுதி, இந்தியாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய துரைமாருக்குத் தலைப்பாகைக் காவலாளும் தலைப்பாகைப் பரிசாரகரும் நின்ற பழைய உலகத்தை மறுபடியும் விற்றார். பிற்காலத்தில் பிரிட்டன் முழுதும் சில்ஹெட் மாவட்டத்து வங்காளிகள் நடத்திய ஹோட்டல்கள் தாஜ்மகால், மகாராஜா என்று பெயர் தாங்கின. பிழைக்க வந்த ஊரில் வாடிக்கைக்காரர் எதை நம்புகிறாரோ அதைக் காட்டி விற்ற ஏழைகளை நான் குற்றம் சொல்லமாட்டேன். தங்கள் சொந்தச் சமையலைத் தங்கள் ஊர்ப் பெயரால் விற்க முடியாதபடி செய்த நிர்ப்பந்தத்தையே குற்றம் சொல்வேன்.

சமீப காலத்து நிகழ்ச்சிகள் மிகப் பல. சிலவற்றைத் தொட்டுச் செல்வது போதும். 2012-இல் பாப்சிப்ஸ் என்ற வறுவல் கம்பெனிக்காக ஆஷ்டன் குட்சர் என்ற அமெரிக்க நடிகர் முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, ராஜ் என்ற பம்பாய்ப் படமுதலாளியாக உச்சரிப்பைக் கோணலாக்கி நடித்தார். 2018-இல் இத்தாலிய ஆடை நிறுவனமான டோல்சே அண்டு கபானா, சீனப் பெண் ஒருத்தி பீட்சாவைக் குச்சிகளால் தின்னத் தடுமாறுவதாகப் படம் காட்டி, ஷாங்காயில் நடத்தவிருந்த காட்சியையே ரத்து செய்ய நேர்ந்தது. 2019-இல் பர்கர் கிங் கம்பெனியின் நியூஜிலாந்துக் கிளை, வியத்நாமியச் சுவை கொண்ட பர்கரை ராட்சசக் குச்சிகளால் மேனாட்டார் எடுத்துக் கடிப்பதாகக் காட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டது. ஜெல்லோக் குழந்தையின் குச்சி அறுபது ஆண்டுகளாகியும் கீழே வைக்கப்படவில்லை.

இவற்றைக் காட்டிலும் நம்மை நேரே தீண்டியது சிங்கப்பூரில் 2019 ஜூலையில் நடந்தது. அங்காடி உணவு நிலையங்களிலும் காபிக் கடைகளிலும் ரொக்கமின்றிப் பணம் செலுத்தும் முறையைப் பரப்புவதற்காக வெளியிடப்பட்ட விளம்பரத்தில், சீன நடிகர் ஒருவரே நான்கு பேராக வேஷமிட்டார். அவற்றில் ஒன்று முக்காடிட்ட மலாய்ப் பெண், இன்னொன்று தோலைக் கருமையாக்கிக் கழுத்து அட்டையில் ‘கே. முத்துசாமி’ என்ற பெயரைத் தொங்கவிட்ட இந்தியர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் நாட்டில், முத்துசாமிகள் தலைமுறை தலைமுறையாக உணவுக்கடை நடத்தியும் அங்கே உண்டும் வரும் நாட்டில், ஒரு முத்துசாமியைத் தேடிப் பிடிக்க விளம்பரக்காரருக்கு முடியவில்லை. சம்பந்தப்பட்ட ஸ்தாபனங்கள் மன்னிப்புக் கேட்டன, அப்போதைய சட்ட அமைச்சர் கா. சண்முகமும் விளம்பரத்தைக் கண்டித்தார். ஆனால் அதை எதிர்த்துக் கடுஞ்சொற்களோடு பாட்டுக் காணொளி வெளியிட்ட இந்திய வம்சாவளி உடன்பிறந்தார் இருவர் போலீசாரின் நிபந்தனை எச்சரிக்கைக்கு உள்ளானார்கள். அவர்கள் சொற்கள் வரம்பு மீறியவை என்றே வைத்துக்கொண்டாலும், அடித்த கை மன்னிப்போடு தப்ப, அலறிய வாய் எச்சரிக்கை பெற்றது என்பது வருத்தத்துக்குரியதே.

‘இது வெறும் வேடிக்கைதானே, இதற்கு ஏன் இவ்வளவு ரோஷம்?’ என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் எழுகிறது. சிரிப்பை நான் வெறுப்பவன் அல்லன். ஆனால் விளம்பரச் சிரிப்பு நண்பர்களுக்குள் நேரும் சிரிப்பன்று. அது பணம் கொடுத்து ஆயிரம் தடவை திருப்பித் திருப்பிக் காட்டப்படுவது, கேலிக்கு ஆளானவன் பதில் சொல்ல இடமில்லாதது. பள்ளிக்கூடத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்த ஆசியக் குழந்தையைப் பார்த்து மற்றக் குழந்தைகள் மூக்கைப் பொத்துவதற்கு இந்தச் சித்திரங்களும் ஒரு காரணம். கண்டனத்துக்குப் பலன் இல்லை என்பதும் சரியல்ல. மெக்சிக்கரைக் கொள்ளைக்காரனாகக் காட்டிய ‘ஃப்ரிட்டோ பாண்டிட்டோ’ என்ற வறுவல் சித்திரம், மெக்சிக்க அமெரிக்கர் விடாது போராடியதால் 1971-இல் நின்றது.

கடைசியாக நம் வீட்டு வாசலையும் பார்க்க வேண்டும். வேட்டியும் விபூதிப் பட்டையும் ‘ஐயையோ’ என்ற அலறலுமாகத் தென்னாட்டாரைக் காட்டும் இந்தி விளம்பரங்களைக் கண்டு கொதிக்கிற நாம், மாலை வேளையில் நூடுல்ஸும் பிரைடு ரைஸும் கிளறும் தள்ளுவண்டிகளின் பலகைகளை நிதானமாகப் பார்ப்பதில்லை. இரண்டு சாய்ந்த கோடுகளே கண்களான முகம், கூம்புத் தொப்பி, தொங்கும் இரட்டை மீசை, தூரிகைக் கீற்றுகளை ஒட்டவைத்தாற்போன்ற எழுத்து — எல்லாம் அந்தப் பழைய அமெரிக்க அட்டைகளின் நேர் சந்ததி. அந்த எழுத்து வடிவமே சீனாவில் பிறந்ததன்று. 1883-இல் கிளீவ்லாந்து நகரத்து அச்செழுத்து வார்ப்புச்சாலையில் வார்க்கப்பட்டது. அந்த வண்டியில் அடுப்பெதிரே நின்று வாணலியைப் புரட்டும் பையன் பல ஊர்களில் நேபாளத்திலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்தவன். பலகையில் உள்ள கோடுகளைக் கொண்டே தெருவில் அவனையும் பெயர் வைத்து அழைக்கிறார்கள். பலகை எழுதுகிற ஓவியர்களுக்கும், சென்னையில் உட்கார்ந்து உணவுக் கம்பெனிகளுக்கு வாசகம் எழுதுகிற தமிழ் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இது: அடுத்த தடவை எந்த நாட்டு உணவை எழுத நேர்ந்தாலும், அந்த நாட்டு மனிதர் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் அதைக் கண்டு முகம் சுளிக்கிறாரா என்று கேட்டுவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.